தொப்பியில் காணாமற்போன சீட்டு

அன்புள்ள தங்கை தெல்மாவுக்கு,

அண்ணன் மெர்வ் எழுதுவது. நானேதான் எழுதுகிறேன், இதில் வேறு யார் கையும் இல்லை. நான் சுகம், என் முட்டிவலி என்னைவிடச் சுகம். நீயும் உன் கோழிகளும் நன்றாக இருக்க வேண்டும். எனக்காகவும் எழுதிவந்த உன் அண்ணி ஜோன் போன பிறகு ஆறு வருடமாக நான் ஏன் கடிதம் போடவில்லை என்பது உனக்குத் தெரியும். இந்த ஊரில் நொரீன் ஒருத்திக்குத்தான் தெரியும். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஜூலையிலிருந்து செவ்வாய்தோறும் அவள் சமையலறையில் எனக்குப் பாடம். இவ்வளவு எழுதவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாற்பத்து மூன்று டிகிரி. வெளியில் யாரும் தீ மூட்டக் கூடாது என்று தடை. அப்படிப்பட்ட நாளில் தீயணைப்புத் தொண்டர்கள் நாங்கள் லாரியோடு ஊர் மன்றத்தில் காத்திருக்க வேண்டும். அங்கே புல்வெளிப் பந்துச் சங்கத்தாரும் வந்து சேர்ந்து, சும்மா வியர்ப்பதற்குப் பதில் ஊமை விளையாட்டு ஆடலாம், தோற்ற அணி வருடம் முழுக்க மன்றத்து இறைச்சி வாட்டும் தகட்டைத் தேய்க்கட்டும் என்றார்கள். ஆளுக்கு நான்கு சீட்டு எழுதி அவரவர் அணியின் தொப்பியில் போட வேண்டும். எதிர்த்தொப்பியிலிருந்து ஒன்றை எடுத்து, வாய் திறக்காமல் நடித்துக் காட்ட வேண்டும், நம் ஆட்கள் கண்டுபிடிக்க வேண்டும். முப்பது வருடமாகப் பென்சில் வெளியே வந்தாலே நான் லாரி டயரில் காற்றுப் பார்க்கப் போய்விடுவேன். இந்தத் தடவை உட்கார்ந்தேன். நாய், முட்டை, மழை, பானை என்று நான் எழுதி முடிப்பதற்குள் மற்றவர்கள் கேக்கையே தின்று தீர்த்துவிட்டார்கள். எதிரணித் தலைவன் டார்சி, "என்ன பெருசு, உயில் எழுதுறியா?" என்றான்.

என் முதல் சீட்டில் மீன் என்று இருந்தது. தனித்தனி எழுத்து, பெரிய எழுத்து. படித்தேன் தெல்மா! அத்தனை பேர் நடுவில் நின்று படித்தேன். நீந்திக் காட்டினேன், உடனே சொல்லிவிட்டார்கள். கடைசியில் இரண்டு அணியும் சமமாக நிற்க, கடைசி ஆள் நான். சீட்டைப் பிரித்தால் எழுத்தோடு எழுத்தைக் கோத்து எழுதிய கை, சிக்கெடுக்காத வேலிக்கம்பி மாதிரி. நொரீன் எனக்கு அதை இன்னும் சொல்லித்தரவில்லை. நேரம் பார்க்க வைத்த மணல்கடிகாரம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. எதிரணியில் உட்கார்ந்திருந்த நொரீன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள். எங்கள் தலைவி கெயில், "ஆரம்பிப்பா மெர்வ்" என்றாள். எனக்குக் கை உறைந்துவிட்டது, கால் உறைந்துவிட்டது, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. தெரியாது என்று சொன்னால் ஏன் தெரியாது என்று கேட்பார்களே. தந்திக்கம்பம் என்றார்கள், சிலை என்றார்கள், இவருக்கு மாரடைப்பு என்று ஒருவன் தண்ணீர் கொண்டுவரக் கிளம்பினான். பாதி மணல் போனபோது கெயில், "அட, சோளக்கொல்லை பொம்மை!" என்று கத்தினாள். இத்தனை பேர் இவ்வளவு உறுதியாகத் தலையசைக்கும்போது அதுவாகத்தான் இருக்கும் என்று நானும் தலையசைத்தேன். ஜெயித்தோம். என்னைத் தூக்கவே வந்தார்கள், முட்டியைச் சொல்லித் தப்பினேன். இப்படியொரு நடிப்பை இந்த ஊர் பார்த்ததில்லையாம். டார்சி மட்டும் தொப்பியைக் கவிழ்த்துக் குடைந்துகொண்டே இருந்தான். "நான் எழுதுனதுல ஒண்ணு வரவே இல்லையே?" கெயில், "தொப்பியை விடுப்பா, தகட்டைத் தேய்" என்றாள். சீட்டு என் சட்டைப் பையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. கோழிகள் நிறைய முட்டையிடட்டும், உங்கள் பக்கம் மழை பெய்யட்டும். முட்டை, மழை, இரண்டு சொல்லும் பார்க்காமல் எழுதினேன்.

உன் அண்ணன்,
மெர்வ்

பின்குறிப்பு: இன்று செவ்வாய். நொரீன் அந்தச் சீட்டை வைத்தே கோத்தெழுத்துப் பாடம் நடத்தினாள். ஒவ்வொரு எழுத்தாகக் கழற்றி நானே படித்தேன். பந்தயக் குதிரை. மன்றத்துப் பலகையில் உடனே எழுதி ஒட்டினேன்: "டார்சி, உன் குதிரை என்னிடம். எனக்கு அன்று படிக்கத் தெரியவில்லை. தகட்டை நாங்கள் தேய்க்கிறோம். மெர்வ்." புதிதாகக் கற்ற கோத்தெழுத்திலேயே எழுதினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் கீழே டார்சி எழுதியிருக்கிறான்: "பெருசு, ஒரு எழுத்தும் புரியல." அதை நான் ஒரே தடவையில் படித்துவிட்டேன், தெல்மா. சனிக்கிழமை எல்லாரும் வரும்போது பலகைப் பக்கத்தில் நின்று அவனுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.