மாதப்பனின் ரேஸ் ஜீப்

"முன்னாடி மட்டும் கூண்டு போட்டு வெச்சிருக்கீங்களே பாய், பின்னாடி எங்கங்க?"

மாதப்பன் இப்படிக் கேட்டதும் அப்துல் சுபானுக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் வேலை. ஜீப்பின் டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் மேலே இரும்புக் குழாயை வளைத்து, அடிச்சட்டத்தோடு போல்ட்டு முடுக்கி முடித்திருந்தார். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும்?

"ரேஸுல ரெண்டு பேருதானேப்பா போவாங்க?"

"முழு வண்டிக்கும் வேணுமாமுங்க. ரேஸ்காரங்க சட்டம்."

சட்டம் என்றால் சுபான் வாயைத் திறக்க மாட்டார். குழாயை எடுத்து அளக்கப் போய்விட்டார்.

அது எண்பத்தாறாம் வருஷம். அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுபானின் வெல்டிங் பட்டறை. ஒரு காலத்தில் எல்லா வேலையும் செய்தவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் செய்து கொடுத்த தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, ஒரு கல்யாணத்தன்றைக்குப் பார்த்து மடங்கி, தொட்டி நேராகச் சாம்பார் அண்டாவில் இறங்கியது. அதிலிருந்து பாரம் தாங்குகிற வேலை எதையும் ஊரில் ஒருத்தரும் அவரிடம் தரவில்லை. ஜன்னல் கம்பி, கோழிக்கூண்டு, அவ்வளவுதான். மனுஷன் உள்ளுக்குள் நொந்து போயிருந்தார்.

அப்போதுதான் மாதப்பன் வந்தான். சித்தேரி மலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஓசூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஜீப் ரேஸ் இருக்கிறதாம். வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காதபடி கூண்டு வேண்டுமாம். ஆபீசர்கள் ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் சுத்தியலால் தட்டிப் பார்த்த பிறகுதான் விடுவார்களாம். தன் கை வேலையை ஆபீசரே பாஸ் செய்துவிட்டால், போன பேர் திரும்பி வந்துவிடும். சுபானுக்கு அது போதும்.

ஊருக்கு மாதப்பன் மேல்தான் எரிச்சல். போன மழையில் மலை வளைவில் அவன் ஜீப் ஆட்களோடு உருண்டிருந்தது. கை கால் முறிவோடு போயிற்று. வண்டிக்காரன் முன்னால் அந்தப் பேச்சை எடுப்பது ஆகாது என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அவனே ரேஸுக்குப் போகிறான் என்றதும், "கொழுப்பப் பாரு!" என்று வாயைத் திறந்தார்கள்.

பின்பக்கமும் கூண்டு வந்தது. பெங்களூரில் மோட்டார் பட்டறையில் இருக்கும் தம்பி ரஷீதுக்குச் சுபான் கார்டு எழுதிக் கேட்டார். 'எடை ஜாஸ்தி. பின் சீட்டைக் கழட்டி எறி' என்று பதில் வந்தது. கழற்றினார். அவர் மனைவி வஹிதா அதை வீட்டுக்கு எடுத்துப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் மாதப்பன் அலறினான். "ஐயோ, சீட்டு எங்கங்க பாய்?"

"ரேஸு வண்டிக்குச் சீட்டு எதுக்கு?"

"சீட்டு இல்லாட்டி ஆபீசரு உள்ளயே வுட மாட்டாருங்க!"

வஹிதாவை எழுப்பிவிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. "ஓசூரு ஆபீசருக்கு உக்கார எடமில்லையா, என் சீட்டத்தான் கேப்பாரா?" என்று அவள் கேட்டாள்.

எடையைக் குறைக்கச் சுபான் கூரையை ஒரு முழம் இறக்கினார்.

"இவ்வளவு தாழ்வா இருந்தா மடியில கூடை வெச்சிக்கிட்டு எப்படி உக்கார்றதுங்க?"

"ரேஸுல கூடையா?"

மாதப்பன் தலையைச் சொறிந்தான். "ஹெல்மெட்டு வெக்கிற கூடைங்க."

கூரை மறுபடி ஏறியது. கை கால் வெளியே போகாமலிருக்கப் பக்கவாட்டில் குறுக்குக் கம்பி வைத்தார் சுபான்.

"இதைத் தாண்டிப் புடவை கட்டினவங்க எப்படிங்க ஏறுவாங்க?"

"எந்த ரேஸுலப்பா புடவை கட்டுறாங்க?"

"பக்கத்துச் சீட்டுல எம்பொண்டாட்டிதானுங்க வர்றா!"

சுபானுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் அந்தக் கம்பியை அறுத்தார். தலை மோதுகிற இடமெல்லாம் பழைய டயர் டியூபைச் சுற்றினார். படி ஒன்று வைத்தார். ரேஸுக்கு என்று அவர் சேர்த்ததெல்லாம் கழன்றுகொண்டே வந்தது. இந்த வண்டி எப்படி ஜெயிக்கும் என்று அவருக்கே அழுகை வந்தது.

சனிக்கிழமை ஒவ்வொரு ஜாயிண்ட்டாகச் சுத்தியலால் தட்டினார். ஒரு மூலையில் சத்தம் பொத்தென்று கேட்டது. சுபானின் முகம் சுண்டிப்போனது. அந்த இடத்தை அறுத்தெறிந்து, புதுசாக வெல்டிங் வைத்து, மறுபடி தட்டினார். கணீரென்றது.

"உருண்டாத் தாங்குமுங்களா பாய்?" மாதப்பன் ஒவ்வொரு கம்பியையும் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"வண்டி முன்னால அந்த வார்த்தையச் சொல்லாதடா! தாங்கும். என் புள்ளைங்களையே இதுல உக்கார வெப்பேன்."

மாதப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ரேஸுக்குப் போகிறவனுக்கு இத்தனை பயமா என்று சுபானுக்கு அவன் மேல் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆபீசர் தட்டிப் பார்ப்பதைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று சுபான் இஸ்திரிச் சட்டையும் சாப்பாட்டுத் தூக்குமாக ஓசூருக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் சித்தேரி ஆட்கள் ஜீப் ஏறும் இடத்தில் அவருடைய கூண்டு நின்றது. உள்ளே பதினாறு பேர். மடியில் கூடைகள். இரண்டு சேவல். மாதப்பன் எதிரே டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

சுபானுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஓடினார்.

"எறங்குங்க எல்லாரும்! இது ரேஸ் வண்டி! ஆபீசரு வந்து செக் பண்ணணும்!"

ஒருவரும் அசையவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த காசியம்மாள் டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"எந்த ரேஸுங்க பாய்? உருண்டா எங்களுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு போட்ட கூண்டுன்னு தெரிஞ்சா நாங்க பயந்துக்கிட்டு ஏற மாட்டோம்னு மாதப்பன் கதை வுடறாரு. நாங்க எல்லா ஜாயிண்ட்டையும் கல்லால தட்டிப் பாத்துட்டுத்தான் ஏறியிருக்கோம், அவருகிட்டச் சொல்லிப்புடாதீங்க."