அந்திவான ஃபேஷியல்

“என்னக்கா, யாராவது கன்னத்துல அறைஞ்சுட்டாங்களா?”

பேங்க் மேடம் சாய்வு நாற்காலியில் படுத்தபடி கேட்ட கேள்வியில் பார்லர் அக்காவின் கையிலிருந்த பிரஷ் நழுவியது. அக்காவின் இரண்டு கன்னமும் மூக்கும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி சிவந்து எரிந்துகொண்டிருந்தன. காலையில் பவுடரை அப்பித்தான் கிளம்பினாள். கடைக்கு வெயிலில் நடந்து வந்ததில் பவுடர் வழிந்து குட்டு உடைந்துவிட்டது.

ஊருக்கெல்லாம் முகத்தை அழகாக்கித் தருகிறவளுக்கு முகத்திலேயே கோளாறு என்று தெரிந்தால் அப்புறம் யார் வருவார்கள்? கடையை இழுத்து மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். எதிர் வரிசையில் வேறு இன்னொரு பார்லர் வரப்போவதாகப் பேச்சு. அக்காவுக்கு எப்போதும் மூளையைவிட வாய் வேகம்.

“அறையா? புது ஃபேஷியல் மேடம்! ரத்த ஓட்டம் உள்ளேருந்து கிளம்பி வருது. இயற்கையான சிவப்பு. எனக்கே போட்டுப் பார்த்துக்கிட்டேன்.”

“பேரு?”

“அந்திவானம்.”

பேங்க் மேடம் கண்ணாடியில் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “எனக்கும் ஒண்ணு போடுங்க.”

இல்லாத ஃபேஷியலை எங்கே போய்த் தேடுவது? அக்கா அலமாரியைத் திறந்தாள். குதிகால் வெடிப்புக்குத் தேய்க்கிற சொரசொரப்பான க்ரீம்தான் கைக்கு முதலில் அகப்பட்டது. நல்லா ஆவி பிடிக்க வைத்து, அதைப் போட்டு, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பரபரவென்று தேய்த்தாள். மேடம் எழுந்தபோது முகம் பழுத்துப்போயிருந்தது.

“அட, ஒரே தடவையில!”

அடுத்த வாரம் பேங்கில் பாதிப் பேர் வந்தார்கள். அவர்களைப் பார்த்து ஸ்கூல் டீச்சர்கள் வந்தார்கள். அந்திவானத்துக்கு முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது என்றாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் முதலில் அக்காவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அதுதானே விளம்பரம்! அக்கா இனி பவுடர் பூசி மறைக்கவும் முடியாது.

எரிச்சல் தாங்காமல் மருந்துக்கடையில் ஒரு க்ரீம் வாங்கிப் பூசினாள். இரண்டே நாளில் முகம் பளிச்சென்று வெளுத்துவிட்டது. அக்கா சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் ஒரு டீச்சர் கேட்டாள்.

“என்னக்கா, அந்திவானம் அவ்வளவுதானா? இதுக்குள்ள சாயம் போயிடுச்சு?”

வேறு வழியில்லை. அன்று சாயங்காலமே குதிகால் க்ரீமை எடுத்துத் தன் முகத்திலும் தேய்த்துக்கொண்டாள். அப்போது கிளம்பிய சிவப்பு பழையதுக்கு அண்ணன். மூக்கைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள் வேறு. பச்சைத் தண்ணீர் பட்டால்கூட ஊசி குத்தியது.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பார்வை சம்பந்தமான எதையும் வெளிப்படையாகப் பேசுவார்.

“நீ ரோட்டோரமா நின்னா போதும். சிக்னல்னு நெனச்சு வண்டியெல்லாம் நின்னுடும்.”

“உங்களுக்குக் கிண்டலா இருக்கா? கடை போயிடுமோன்னு நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டிருக்கேன்.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “சரி, தோல் டாக்டர்கிட்ட போ.”

“பார்லர்காரி தோல் டாக்டர்கிட்ட போனான்னு யாராவது பார்த்துட்டா?”

அவர் தன் கடையில் விற்காமல் கிடந்த மிகப் பெரிய கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதை மாட்டிக்கொண்டு, தலையோடு முகத்தையும் ஸ்கார்ஃபால் சுற்றி, ஊரின் அந்தக் கோடியிலிருந்த கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறிப் போனாள். அங்கே காத்திருந்த பெண்களும் ஏறக்குறைய அதே கோலத்தில்தான் இருந்தார்கள். ஒருத்தரும் ஒருத்தரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்காவுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

டாக்டரம்மா லென்ஸை வைத்து நிதானமாகப் பார்த்தார்.

“இதுக்கு ரோசேசியான்னு பேரு. தோலுக்கடியில ரத்தக் குழாய் சட்டுனு விரிஞ்சு சிவந்துடும். தொட்டாச்சிணுங்கித் தோல் உங்களுக்கு. அதைப் போட்டு யாரு இந்தப் பாடு படுத்தினது?”

“ஒரு பார்லர்ல, டாக்டர்.”

“அந்தம்மாவுக்குத் தொழில் தெரியுமா?”

“வாய் மட்டும்தான் டாக்டர். ஒண்ணும் தெரியாத ஜென்மம்.”

“நெனச்சேன்,” என்று டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். “இனிமே ஆவி கிடையாது. தேய்க்கிறது கிடையாது. ப்ளீச் கிடையாது. மசாஜ், வாசனை க்ரீம் எதுவும் கிடையாது.”

தன் கடை வாசலில் தொங்கும் பலகையை யாரோ வரி வரியாக அடித்து அழிப்பதுபோல் அக்காவுக்கு இருந்தது.

“நீங்க பூசினதாச் சொன்ன மருந்துக்கடை க்ரீமைச் சட்டுனு நிறுத்தக்கூடாது, எப்படி விடணும்னு நான் சொல்றேன். நீங்களா எதையும் பூசாதீங்க. வாசனையில்லாத ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், வெளிய போனா சன்ஸ்கிரீன், ராத்திரி இந்த ஜெல். டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீங்க.”

“போயிடுமா டாக்டர்?”

“அடியோட போகாது. அடங்கி இருக்கும்.”

“எங்க வீட்டுக்காரர் மாதிரி,” என்றாள் அக்கா. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

கடையில் யாருக்கும் தெரியாமல் சொன்னதையெல்லாம் செய்தாள். வாடிக்கையாளர்களுக்காகக் கன்னத்தில் லேசாக ரூஜ் சிவப்பு தடவக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். “ஒளி வெளிய தெரியாம உள்ளேயே தங்குறதுதான் அந்திவானத்தோட இரண்டாவது கட்டம்,” என்று சொல்லிச் சமாளித்தாள். அதையும் நம்பினார்கள்.

ஒரு நாள் காலை முகம் கழுவும்போது தண்ணீர் குத்தவில்லை. வெறும் தண்ணீராக இருந்தது. அக்கா குழாயை மூடாமல் நின்று அழுதுவிட்டாள்.

அன்றைக்கென்று பேங்க் மேடம் வந்து உட்கார்ந்தாள். கன்னமெல்லாம் திட்டுத்திட்டாக உரிந்திருந்தது.

“ராத்திரியெல்லாம் எரியுதுக்கா. ஆனா நல்லாத்தானே இருக்கு?”

அக்காவுக்குக் கை எழவில்லை. அந்த எரிச்சல் என்னவென்று அவளைவிட யாருக்குத் தெரியும்? “இன்னிக்கு க்ரீம் தீர்ந்துடுச்சு மேடம்,” என்று அனுப்பிவைத்தாள். மனசு ஆறவே இல்லை. கடை போனால் போகட்டும் என்று முடிவெடுத்து, கறுப்புக் கண்ணாடியும் ஸ்கார்ஃபும் இல்லாமல் நேராகக் கிளினிக்குக்குப் போனாள்.

டாக்டரம்மா உள்ளே யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடமே அக்கா எல்லாவற்றையும் கொட்டினாள்.

“நான் டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேம்மா. நானே பார்லர் வெச்சிருக்கேன். என் முகத்தைக் கெடுத்தது நான்தான். என்கிட்ட ஒரு ஃபேஷியல் இருக்கு. எல்லாரும் அதைத்தான் கேட்டு வர்றாங்க. இன்னியோட அதை நிறுத்திடறேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு.”

அந்தப் பெண் காத்திருப்பவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அந்திவானமா? ஐயோ, சட்டுனு நிறுத்திடாதீங்கக்கா! அதை நம்பித்தானே டாக்டரம்மா இந்தக் கிளினிக்குக்கு மேல இன்னொரு மாடி கட்டிக்கிட்டிருக்காங்க!”