ஏறினாளா, இல்லையா?

தமிழ்ச் சிறுகதையை நாக்பூர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார் என்று கேட்டால், நான் எந்தப் பேராசிரியரையும் சொல்லமாட்டேன். சங்ககிரி பிரஷ்காரரைத்தான் சொல்வேன். லாரிகளுக்குப் பூவும் கிளியும் வரைந்து பெயர் எழுதுகிறவர். அவருக்கே ஒரு பெயர் இருந்தது என்பது ஊரில் யாருக்கும் நினைவில்லை.

நான் பக்கத்து லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தா. அவர் போனில் ஓடுகிற பட்டிமன்ற இரைச்சல் தாங்காமல், பழைய நவீனச் சிறுகதைகளை வாசித்துக் காட்டும் ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றார்.

"ஏனுங்க சார், கதை பாதீல நின்னு போச்சு. டேட்டா தீந்துருச்சுங்களா?"

"முடிஞ்சிருச்சுங்ணா. கதையே அவ்வளவுதான்."

"அவன் சன்னலத் தொறந்தானுங்க. தொறந்து?"

"தொறந்தான். அவ்வளவுதான்."

"சன்னலத் தொறக்கறதுக்கா அர மணி நேரம் படிச்சாங்க?"

அவர் நம்பவில்லை. அழித்துவிட்டு மறுபடி இறக்கினார். மறுபடியும் ஜன்னலோடு நின்றது. போன் கடைக்காரரிடம் கொண்டுபோனார். அவரும் முழுக்கக் கேட்டு, அவரும் குழம்பிப்போய், மெமரி கார்டை மாற்றிக் கொடுத்தார்.

குழப்பம் தொழிலிலும் இறங்கியது. காது கேட்டதைக் கை எழுதியது. ஒரு லாரியில் 'ஒலி எழுப்பவும்' இருக்க வேண்டிய இடத்தில் 'அவன் பதில் சொல்லவில்லை' என்று எழுதிவிட்டார். பின்னால் வந்த ஒருத்தனும் ஹாரன் அடிக்கவில்லை என்று டிரைவர் புகார் சொன்னார்.

ஆனால் அவரை அடியோடு சாய்த்தது ஒரே ஒரு கதைதான். அப்பா பேச்சை மீறிப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன பெண், பல வருஷம் கழித்து, அப்பா ஊருக்குப் போகும் பஸ்ஸின் முன்னால் வந்து நிற்கிறாள். கதை முடிந்தது.

"ஏறுனாளுங்களா, இல்லீங்களா?"

"அத எழுதுனவரு நம்மகிட்டயே உட்டுட்டாருங்ணா."

"எங்கிட்ட எதுக்குங்க உட்டாரு? என்னய அவருக்குத் தெரியவே தெரியாதே!"

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள், புது லாரியை எடுக்க வந்த ஓனர் அலறினார். பின்கதவில், இரண்டு கிளிகளுக்கு நடுவே, கொட்டை எழுத்தில் 'ஏறிட்டா'.

"யாருய்யா ஏறுனது? எதுல ஏறுனா? அழி மொதல்ல!"

"அழிச்சா அந்தப் புள்ள மறுபடியும் பஸ் ஸ்டாண்டுலயே நிப்பாளுங்க சாமி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேந்தமங்கலத்துப் பையனை இஷ்டப்பட்டுக் கட்டிக்கொண்டு போன தன் மகளோடு அவர் ஐந்து வருஷமாகப் பேசவில்லை. ஓனருக்கு அது தெரியாது. அந்தக் குரலில் என்னத்தைக் கண்டாரோ, வண்டியை அப்படியே நாக்பூர் லோடுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பின்னணியில் கண்டக்டர் விசில்.

"சார், நானே சேந்தமங்கலம் பஸ்ல ஏறிட்டனுங்க. அவ ஊட்டுக் கதவத் தட்டறதா, வேண்டாமா? ஒண்ணும் வெளங்கலீங்க."

"தட்டுங்ணா!"

"தொறக்கலீன்னா?"

அதோடு லைன் அறுந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன்; ஸ்விட்ச் ஆஃப். முடிவை நம்மிடம் விடுவதுதான் கதை என்று பாடம் எடுத்த நான், கட்டிய லுங்கியோடு பைக்கை எடுத்துவிட்டேன்.

விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது, மகள் வீட்டுக் கதவில் ஒரு கிளி பாதி பச்சையாகியிருந்தது. காதில் செருகிய பிரஷ்ஷோடு திரும்பிப் பார்த்தார்.

"வாங்க சார். போன்ல சார்ஜ் தீந்துபோச்சுங்க. தொறந்துட்டா."

உள்ளேயிருந்து அந்தப் பெண் காபி கொண்டுவந்தாள். பெயிண்ட் காயாத கதவில் இடிக்காமல், லுங்கியை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய் வாங்கிக்கொண்டேன்.