குபாத்துக்கு வந்த வெட்கம்

பெண் முதலில் பேசக் கூடாது. பேசினால் மலிவு. ஆண் துரத்த வேண்டும், பெண் காக்க வைக்க வேண்டும். இந்தச் சட்டத்தை யார் இயற்றினாரோ தெரியாது, நாரின் என்ற மலையூரில் அதற்குக் காவல் நின்றவர் குபாத். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஓடியும், காதல் விஷயத்தில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

அவர் தங்கை மீரிம் மாட்டு டாக்டர். செல்போன் செயலியில் மாப்பிள்ளை தேடினாள். அவளே முந்திக்கொண்டு எழுதுவாள்: "குடிப்பீங்களா? பல்லெல்லாம் சொந்தப் பல்லா?" அதைப் படித்த எவனும் மறுநாள் அகப்பட்டதில்லை. வயசு முப்பத்திரண்டு. அவளைக் கரைசேர்ப்பதாக அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு குபாத்தின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

"போனைக் கொடு. பொண்ணு எப்படி எழுதணும்னு நான் காட்டறேன்."

"தாராளமா எழுதிக்கோண்ணே. எனக்குப் பசுவுக்குப் பிரசவம் பாக்கணும்."

ஆள் தயாராக இருந்தான். மனைவி சைராகுலின் சித்தி மகன் எர்மெக், பாட்டு வாத்தியார், நல்ல பையன். நேரில் வாயே திறக்க மாட்டான். செயலியிலோ வெளுத்து வாங்கினான். "உங்கள் புருவத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மலை கண்ணில் படவில்லை" என்று எழுதினான்.

குபாத்துக்குக் காது சிவந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் புருவத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. படத்தில் இருப்பது தங்கை என்பதே மறந்துபோயிற்று. மறுநாளிலிருந்து முகச்சவரம் செய்துகொண்டுதான் பதில் எழுத உட்கார்ந்தார்.

"என்னங்க, முதல் பனி விழுந்திருச்சு" என்றாள் சைராகுல். "தூசி போகக் கம்பளத்தைப் பனியில போட்டு அடிக்கணும். ஒரு முனையைப் பிடிங்களேன்."

"அது பொம்பளை வேலை. நாலு ஆம்பளை பாத்தா சிரிப்பான்."

சொல்லிவிட்டு அடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து எழுதினார்: "ஐயோ, இப்படியெல்லாம் புகழ்ந்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது."

உடனே கேள்வி வந்தது. "உங்கள் கணவர் எப்படி இருக்க வேண்டும்?"

பெரிதாகக் கேட்டால்தானே பெண்ணுக்கு மதிப்பு? மனசைத் திறந்து எழுதினார்: "மனைவியைத் தனியாகக் கம்பளம் தூக்க விடுகிறவன் ஆணே இல்லை. கூட வந்து தூக்குகிறவன்தான் சிங்கம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எர்மெக் பெண் பார்க்க வந்தான்.

"தலையைக் குனிஞ்சுக்கோ. வாயைத் திறக்காதே" என்று அதற்கு முன்பே தங்கைக்குப் பாடம் நடந்திருந்தது. "டீயை ஒரு வாய் ஒரு வாயா ஊத்து. நிறைய ஊத்தினா குடிச்சிட்டுக் கிளம்புன்னு அர்த்தமாயிடும்."

அரைமணி நேரம் எர்மெக் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். குபாத்துக்கு வேர்த்தது.

"போன்ல பிரமாதமா எழுதினீங்களே தம்பி?"

"நானா?" எர்மெக் அக்கா சைராகுலைப் பார்த்தான். அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

மீரிம் கெட்டிலை எடுத்தாள். எர்மெக்கின் கிண்ணத்தில் ஒரு வாய் ஊற்றினாள். அண்ணன் கிண்ணத்தில் விளிம்பு வரைக்கும் ஊற்றினாள். அண்ணி கிண்ணத்திலும் அப்படியே.

"குடிச்சிட்டுக் கொஞ்சம் வெளிய இருங்கண்ணே. இவர்கிட்ட நான் பேசணும்."

சொந்த வீட்டிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. கதவு சாத்தும்போது உள்ளே கேட்டது: "பல்லெல்லாம் சொந்தப் பல்லா?"

"ரெண்டு கட்டினதுங்க" என்று சிரித்தான் எர்மெக். அந்த வீட்டில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, தன் உதவி ஒரு துளியும் இல்லாமல் நிறைவேறிக்கொண்டிருப்பது குபாத்துக்குப் புரிந்தது.

முற்றத்தில் சைராகுல் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். "அவன் எங்க எழுதினான்? பயந்துபோய்ப் போனை என்கிட்ட கொடுத்துட்டான்."

"அப்போ எல்லாம்... நீயா?"

"நான்தான். எழுதறது நீங்கதான்னு ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சுட்டேன். மாட்டுக்குள்ள கைவிட்டுக் கன்னு இழுக்கறவ இந்த வெட்கம் வெட்கப்படுவாளா? நீங்க அடுப்புக்குப் பின்னாடி போனாத்தானே பதிலே வந்துச்சு."

குபாத் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் புருவ விஷயமாவது நிஜமா?"

"அது மீரிமோட புருவங்க."

சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். வேலிக்கு அந்தப்பக்கம் பனி வாரிக்கொண்டிருந்த மூன்று ஆண்களுக்கும் கேட்கிற மாதிரி, கம்பளம் தூக்குகிறவனைப் பற்றிக் கணவன் எழுதியதைப் படித்துக் காட்டினாள். மூவரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்க்க, சிங்கம் குனிந்து கம்பளத்தின் ஒரு முனையைத் தூக்கியது.