மொத எரர் அக்கா

உலகத்தில் எத்தனை கோளாறு இருந்தாலும் அத்தனைக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான் என்று நம்பி, அதை நிரூபித்தும் காட்டிய ஒரே மனுஷி மொத எரர் அக்கா. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஜவுளிக்கடை மாடியில் இருந்த எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியில் அவரை யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வயதில் என்னைவிட இளையவர். ஆனாலும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். இதில் ஏதோ இடிக்கிறது என்று ஆபீசில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய உருவத்துக்கு மாற்றுவதை பில்ட் என்போம். பில்ட் கொடுத்தால் பெரும்பாலும் சாஃப்ட்வேர் வராது, திரை முழுக்கச் சிவப்பாக எரர்தான் கொட்டும். பார்த்ததுமே அக்காவைக் கூப்பிட்டுவிடுவேன்.

"அக்கா, முந்நூறு எரர் வருது!"

"இல்லைங்கண்ணே. ஒண்ணுதான்."

பழைய தினசரிக் காலண்டரின் அட்டை ஒன்று எப்போதும் அவர் மேஜையில் இருக்கும். அதை எடுத்துவந்து என் மானிட்டரில் முதல் வரிக்குக் கீழே வைத்து மிச்சத்தையெல்லாம் மறைத்துவிடுவார். "மொத எரரை மட்டும் படிங்க. மத்ததெல்லாம் அது பெத்த புள்ளைங்க." படித்தால் ஏதோ ஒரு ஃபைலைக் காணோம் என்றிருக்கும். அதைச் சேர்த்து மறுபடி பில்ட் கொடுத்தால் முந்நூறும் மாயமாகியிருக்கும். அந்த அட்டைக்கு நான் சூடம் காட்டாததுதான் பாக்கி.

மஞ்சள் நிறத்தில் வரும் வார்னிங்குகளை அவர் சட்டை செய்ததே இல்லை. "அது எங்க மாமியார் மொணங்குற மாதிரிண்ணே. அதுக்காக வேலை எதுவும் நிக்காது" என்பார்.

ஆபீசோடு இதை நிறுத்தியிருந்தால் அவரும் நம்மைப் போல சாதாரண ஆள்தான். திருமயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒருநாள் கண்டக்டருக்கும் ஒரு பயணிக்கும் சண்டை முற்றி, பேச்சு பாட்டன் பூட்டன் வரை போய்விட்டது. அக்கா நடுவில் புகுந்தார். "இருங்க, இருங்க. மொதமொதல்ல என்ன நடந்துச்சு?" பஸ்ஸை ஓரங்கட்ட வைத்து, ஒவ்வொரு வசவாகப் பின்னோக்கிப் போய்க் கண்டுபிடித்துவிட்டார். கண்டக்டர் அந்த ஆளின் காலை மிதித்ததுதான் மூல காரணம். அப்போதும் மிதித்துக்கொண்டேதான் நின்றிருந்தார்.

அன்று ஆபீசுக்கு லேட். முதலாளி தாம் தூம் என்று குதித்தார். அக்கா அமைதியாகக் கேட்டார்.

"மத்ததை விடுங்க சார். காலையில ஒங்க வீட்டுல மொதல்ல என்ன நடந்துச்சு?"

முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார். மாமனாரை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர மறந்துபோனதை எங்கள் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினார்.

இப்படிப்பட்டவருக்கு, கணவர் இருக்கும் கோயம்புத்தூரிலேயே வேலை கிடைத்துவிட்டது. எனக்குத் தலையில் இடி. அறந்தாங்கிப் பாத்திரக்கடைக்கு நாங்கள் செய்த சாஃப்ட்வேர் அக்காவின் சொந்த லேப்டாப்பில் மட்டும்தான் பில்ட் ஆகும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அக்கா போவதற்குள் அது என் கம்ப்யூட்டரில் பில்ட் ஆகாவிட்டால் அந்தக் கடை கையை விட்டுப் போகும், கூடவே என் வேலையும் போகும் என்று முதலாளி சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

அவருடைய கடைசி நாளன்று பில்ட் கொடுத்தேன். ஒரே சிவப்பு. அக்கா அட்டையை வைத்தார். பில்ட் செய்து கொடுக்கும் கம்பைலர் பழசு என்றது முதல் வரி. புதுசு போட்டேன். மறுபடி சிவப்பு. இன்னொரு ஃபைல் கேட்டது. கொடுத்தேன். மதியச் சாப்பாடு டிபன் பாக்ஸிலேயே ஆறிப்போனது. அடுத்த முறை, ஒரு ஃபோல்டரைக் காணோம் என்றது.

"எந்த ஃபோல்டர்? சத்தமாப் படிங்கண்ணே."

"டி டிரைவ்ல... பாப்பா பொறந்தநாள் போட்டோ."

அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பிரிண்டருக்கான ஃபைலை என்றைக்கோ அவசரத்தில் மகளின் பிறந்தநாள் போட்டோக்களுக்கு நடுவே போட்டிருக்கிறார். அறந்தாங்கியில் குடமும் குத்துவிளக்கும் விற்ற பில்லெல்லாம், கேக் வெட்டும் பாப்பாவின் தயவில்தான் வெளியே வந்திருக்கிறது.

"அப்போ இத்தனை நாளா மொத எரரு..." என்று முதலாளி இழுத்தார்.

"நான்தாங்க சார்" என்று அக்கா அட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது.

அந்த ஃபைலை அக்காவின் லேப்டாப்பிலிருந்து எடுத்து, என் கம்ப்யூட்டரில் ஒழுங்கான இடத்தில் போட்டு பில்ட் கொடுத்தேன். ஒரு சிவப்புகூட இல்லை. முதலாளி எல்லோருக்கும் போண்டா வாங்கிவரச் சொன்னார். என் வேலை பிழைத்தது. அக்கா லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்து, "போயிட்டு வாரேண்ணே" என்றார்.

எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும், இன்னும் ஒரே ஒரு எரர் வந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.