இரவல் புத்தகத்துக்கு அட்டை போடுபவர்

புத்தகம் இரவல் வாங்குபவர்களில் தொலைப்பவரை மன்னிக்கலாம், மறப்பவரை மன்னிக்கலாம், மீன்குழம்புக் கறையோடு திருப்பித் தருபவரைக்கூட மன்னிக்கலாம். இந்த இனம் வேறு. இவர் வாங்கிய புத்தகத்துக்கு அட்டை போடுவார்.

நிரூபா சிட்னியை விட்டு ஊர் சுற்றப் புறப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று பார்த்து அதே நகரத்து டூங்கபியிலிருந்து வந்து இறங்கினார் கதிர்காமநாதன் அங்கிள். வழியனுப்ப அல்ல, புத்தகம் இரவல் கேட்க. பழைய அச்சுக்கூடங்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று அவளிடம் இருந்தது. காலமான அப்பா சிறிதரன், பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் ஆசிரியரோடு சண்டை பிடித்திருந்த புத்தகம். அவருடைய கையெழுத்தென்று மிச்சமிருந்தது அதுதான்.

“நீ போறாய்தானே பிள்ளை? ரெண்டு கிழமையில தாறன்.”

மூன்று வருடம் கழித்துத் திரும்பியவள், பெட்டியைக்கூடத் திறக்காமல் டூங்கபிக்குப் போனாள். அங்கிளின் வரவேற்பறை நிறையப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மண்ணிற அட்டை, எல்லா முதுகிலும் ஒரே பெயர்ச்சீட்டு: க. கதிர்காமநாதன்.

“இதில எது அங்கிள் உங்கட?”

“எல்லாம்தான். முந்நூறு வருசத்துக்கு முதல் அச்சடிச்சவன் வெறும் தாளாயும் வித்தவன், பிள்ளை. வாங்கினவன்தான் தைப்பிச்சு அட்டை கட்டுவிச்சவன். இப்ப சொல்லு, அதைப் புத்தகம் ஆக்கினது ஆர்?”

“அப்பான்ர புத்தகத்துக்கு முதலே அட்டை இருந்ததே?”

“அது கடைக்காரன்ர அட்டை.”

இந்த இனத்தோடு வாதாடிப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம்.

“சரி, அது இப்ப எங்க?”

“அந்தக் காலத்தில ஒரு புத்தகம் எத்தினை கை மாறும் தெரியுமே? பூட்டி வைக்கக் கூடாது. லிட்கமில சத்தியபாமாட்டக் குடுத்தனான்.”

லிட்கமில் இல்லை. சத்தியபாமா அன்ரி அதை மல்கிரேவில் இருக்கும் தன் தம்பி கௌரிசங்கருக்கு அனுப்பியிருந்தார். நிரூபா மெல்பேர்னுக்குப் பறந்தாள்.

கௌரிசங்கரின் குசினிக் கதிரையில் இருந்தபடியே புத்தகத்தைத் திறந்தாள். பென்சில் எழுத்தை யாராவது அழித்திருந்தால்?

அழிக்கவில்லை. நாற்பதாம் பக்கத்தில் அப்பா: “இதை நான் நம்பேன்.” கீழே நீல மையில்: “நானும். க.க.” அதற்கும் கீழே சிவப்பு மையில்: “இருவரும் அடுத்த பக்கத்தைப் படிக்கவும். ச.” அடுத்த பக்கத்தில் கௌரிசங்கர்: “படித்தேன். சிறிதரன் சொன்னதே சரி.”

அப்பா இத்தனை பேரோடு பேசி அவள் பார்த்ததே இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனாலும் அங்கிள் போட்ட அட்டையை உரித்தாள். வீட்டு அலமாரியில் புத்தகத்தை நிறுத்திப் படமெடுத்து, அட்டைக்காரர்களின் கதை முழுவதையும் எழுதி முகநூலில் போட்டாள். பலர் சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கலாம். உங்கள் அலமாரியின் இரண்டாம் தட்டை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தால் இன்னும் நல்லது. நிரூபா பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த ப்ரீத்தியிடமிருந்து செய்தி வந்தது:

“அந்த ஃபோட்டோவ இப்பதான்டி பார்த்தேன். உங்க அப்பா புத்தகத்துக்குப் பக்கத்துல நிக்குற செவப்பு புத்தகம் என்னோடது. ஃபர்ஸ்ட் இயர்ல வாங்கிட்டுப் போன. இன்னும் அட்டை போடல போல. போடுறதுக்குள்ள குடுத்துடு.”