மாப்பிள்ளை பிடித்த கொடுவா

மீன்கடைக்காரர் கேட்காமலே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துக் கொடுத்துவிட்டார். மீன் வாங்க வந்த தையல்காரர், கடை வாசலிலேயே தலையில் கைவைத்துக்கொண்டார். வயிறு கிழிந்த மீனைத் தூண்டிலில் மாட்டி இழுத்து, "இப்பதான் பிடிச்சேன்" என்றால் எந்த மடையன் நம்புவான்?

அவருடைய மாமனார் மடையன் இல்லை. அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் சொந்தப் படகில் போய் மீனோடு திரும்புகிறவர். "ஊசி பிடிக்கிற கைக்குத் தூண்டில் சரிப்படாது மாப்ளே" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார், அதுவும் பெண்டாட்டி முன்னால். இன்றைக்கு உள்ளங்கை நீளத்தில் ஒரே ஒரு மீனைக் காட்டிவிட்டால் போதும், அந்த வாயை அடைத்துவிடலாம்.

வேறு வழியில்லை. சாம்பல் நிற நூலைக் கோத்து மீனின் வயிற்றைத் தைத்தார். ஒரு ரவிக்கையைக்கூட அவர் அவ்வளவு நேர்த்தியாகத் தைத்ததில்லை.

கடலில் வெயில் மண்டையைப் பிளந்தது. மீன் கெட்டுப்போகாமலிருக்க அதை ஐஸ் தண்ணீர்க் குடுவைக்குள் ஒளித்திருந்தார். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாமனார் படகை நிறுத்தியதும் மனைவி முதலில் தேடியது அந்தக் குடுவையைத்தான்.

"என்னங்க, தண்ணி குடுங்க."

"அது... சுடுதண்ணி."

"இந்த வெயில்ல சுடுதண்ணியா? கிறுக்கா உங்களுக்கு?"

அவள் டம்ளர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் மீனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். ஜில்லென்றது. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டுக் கடலில் துப்பினாள்.

"உவ்வே! ஒரே கவிச்சி!"

அதற்குள் சட்டை நனைந்து, அவரிடமும் அதே வாடை கிளம்பியது. மனைவி மூக்கைச் சுளித்து, மோப்பம் பிடித்துக்கொண்டே அவர் பக்கம் நகர்ந்தாள்.

நல்லவேளை, மறுபக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மாமனார் அலறினார்.

"ஐயய்யோ! நூலை அறுத்துட்டுப் போயிடுச்சே! சரியான ராட்சசன்!"

மனைவி அப்பாவிடம் ஓடினாள். தையல்காரர் சட்டைக்குள் கைவிட்டு, மீனை முள்ளில் மாட்டி, சத்தமில்லாமல் தண்ணீரில் இறக்கினார். கொஞ்சம் பொறுத்து இழுத்துவிட வேண்டியதுதான்.

இழுத்தார். வரவில்லை. அவரைத்தான் அது இழுத்தது.

"விடாதீங்க! விட்றாதீங்க!" மனைவி இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கை எரிந்தது, நூல் விர்ரென்று ஓடியது. கடைசியில் மாமனார் வலையைப் போட்டு வாரித் தூக்கினார். ஆறு மாதக் குழந்தை கனத்தில் ஒரு கொடுவா!

"என் பொண்ணைச் சரியான ஆளுக்குத்தான்யா குடுத்திருக்கேன்!" மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. கரை சேரும்வரை எதிர்ப்பட்ட படகுக்கெல்லாம் கத்திச் சொன்னார். "எங்க மாப்ளே பிடிச்சது!" மனைவி நாற்றத்தைக்கூட மறந்து ஒட்டி உட்கார்ந்தாள். தையல்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ஏமாற்றத்தான் வந்தார், ஆனால் பிடித்தது பிடித்ததுதானே!

கரையில் மீன் வெட்டும் அக்கா கத்தியை எடுத்தபோதுதான் கொடுவாவின் வயிற்றுக்குள் போன தன் மீன் தையல்காரருக்கு நினைவு வந்தது.

"வேணாங்க்கா, முழுசாவே கொண்டு போறோம்."

"ஆமா, முழுசா இருந்தாத்தான் அழகு" என்று மாமனாரும் அவசரமாக ஒத்து ஊதினார். இப்படி அவர் மருமகன் பக்கம் பேசுவது இதுதான் முதல் தடவை. தையல்காரர் நெகிழ்ந்துபோனார்.

"வீட்டுக்குப் போறதுக்குள்ள நாறிடும். நீங்க வெட்டுங்கக்கா" என்றாள் மனைவி.

அக்கா வெட்டினாள். வயிற்றுக்குள் கைவிட்டு இரண்டு சின்ன மீன்களை எடுத்துப் பலகையில் போட்டாள். குனிந்து பார்த்தாள்.

"இதென்னம்மா கூத்து! ஒண்ணுக்குத் தையல் போட்டிருக்கு, இன்னொண்ணுக்கு ஸ்டேப்ளர் அடிச்சிருக்கு!"